இரண்டு வார்த்தை பேசுவார்

ஆண்டு விழாவை அமாவாசையன்று வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ அவர் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்க வேண்டும் போலிருந்தது பிரம்மிக்கு. தோன்றியது யாருக்கு என்பதும் அவளுக்குத் தெரியும். தலைமையாசிரியர் கந்தசாமி சாருக்குத்தான். அதனால் குட்ட முடியாது.

பிரம்மி எட்டாம் வகுப்பு. செஞ்சியில் அந்த நடுநிலைப் பள்ளியில் எட்டோடு படிப்பு முடிந்துவிடும். ஜூனில் வேறு பள்ளிக்குப் போயாக வேண்டும். இந்த வருஷம் முழுக்கக் காலை பிரேயரில் அறிவிப்பு வாசித்தவள் அவள்தான். மைக் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் கடைசி வரிசைவரை கேட்கிற தொண்டை அவளுக்கு. நாளை பூச்சி மாத்திரை தருவார்கள், சைக்கிளைப் புங்கமரத்தடியில் விடக்கூடாது, சத்துணவுத் தட்டைக் கழுவி வைக்க வேண்டும் என்று என்னத்தைச் சொன்னாலும் கூட்டம் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கும். கலர் டிரஸ்ஸில் வரலாம் என்றால் மட்டும் காது திறக்கும்.

ஆண்டு விழா அறிவிப்பையும் அவளே வாசித்தாள். பிள்ளைகள் வகுப்புக்குக் கலைந்ததும் சாருக்குப் பின்னாலேயே போனாள்.

"சார், அன்னிக்கு அமாவாசை சார். பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் கோயில் ஸ்பெஷலுக்குப் போயிடும். எங்க ரூட்ல ஏழு மணி பஸ்ஸ உட்டா வேற இல்ல சார்."

"நிறைஞ்ச நாளும்மா அது. டோனருங்க எல்லாம் அன்னிக்கின்னாதான் வர்றேங்கறாங்க. மூணு மணிக்கு ஆரம்பிச்சா அஞ்சு மணிக்குள்ள முடிஞ்சிடும். நீ இன்னாத்துக்கு இப்பவே டென்ஷன் ஆவுற?"

கந்தசாமி சார் எதையும் கெட்ட எண்ணத்தில் செய்கிறவர் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் மனசுக்குள் திட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இவரோ கடைத்தெருவில் கடை கடையாக ஏறி, கெஞ்சி, ஃபேனும் தண்ணீர்த் தொட்டியும் வாங்கி வந்து பள்ளியை ஓட்டுகிற மனுஷன். அவர்மேல் கோபப்பட்டால் கோபப்பட்டதற்காகவே வருத்தப்பட வேண்டியிருக்கும்.

பிரம்மிக்கு டென்ஷன் இல்லாமல் எப்படி இருக்கும்? விழாவின் கடைசி நிகழ்ச்சி அவள் எழுதிய நாடகம். பெயர் 'நிற்காத பஸ்'. கதை ஊருக்கே தெரிந்ததுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றால், ஓசி பாஸ்தானே என்று டவுன் பஸ் நிற்காமல் போகும். இல்லையென்றால் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, ஓடிவருகிறவர்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பும். அவளும் வல்லத்துப் பிள்ளைகளான கமலேஷும் அனுஷாவும் எழிலும் தினம் அனுபவிப்பது. அவள் ஊர் மேல்சித்தாமூர். அதே ரூட்டுதான், வல்லத்தையும் தாண்டிப் போக வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஒத்திகை நடந்தது. அனுஷா டிரைவர். ஒரு தட்டுதான் அவளுக்கு ஸ்டீயரிங். எழில் கூடை தூக்கிய பாட்டி. கமலேஷ் கண்டக்டர். அவன் மாமா நிஜமாகவே கண்டக்டர் என்பதால் பழைய காக்கிச் சட்டையும் விசிலும் சுலபமாகக் கிடைத்துவிட்டன. ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் போக வேண்டும் என்று கூட்டாளிகளுக்கெல்லாம் பாடம் எடுத்து உயிரை வாங்கினான்.

சண்டை வந்தது முடிவில்தான். பஸ்ஸைக் கடைசியில் எப்படி நிறுத்துவது? பிரம்மி எழுதியிருந்தபடி, ஒரு சின்னப் பெண் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு, 'மதிப்பிற்குரிய ஓட்டுநர் அண்ணா அவர்களே, நாங்களும் பயணிகள்தான்' என்று அறிவிப்பாள். டிரைவர் மனம் மாறி நிறுத்துவார்.

"மனசு மாறுவாராம்! போடி இவளே. நான் ரோட்ல நின்னு ஒரு விசில் உடுறேன். பிரேக்க அமுக்குறாரா இல்லியா பாரு" என்றான் கமலேஷ்.

"ரோட்ல நிக்கிறவன் ஊதினா பஸ் நிக்குமாடா? கேக்கறவங்க நம்பணும். மரியாதையா சொன்னா கேப்பாங்கன்னு காட்டணும்."

நாடகத்துக்குப் பொறுப்பான காயத்ரி டீச்சர் பிரம்மி பக்கம் நின்றார். கடைசிக் காட்சியில் விசில் கிடையாது என்று முடிவானது. கமலேஷ் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

விழா நாளும் வந்தது. மூன்று மணிக்குப் பிள்ளைகள் தயார், ஷாமியானா தயார், மைக் தயார். சிறப்பு விருந்தினரைத்தான் காணோம். அவர் வந்து இறங்கியபோது, மூன்று மணிக்குப் போட்ட பவுடர் எழிலின் கழுத்தில் கோடு கோடாக வழிந்திருந்தது. அறிவிப்பாளர் பிரம்மி. புதுப் பட்டுப்பாவாடை, கையில் மைக், வாயில் புன்னகை. புன்னகையை விடக்கூடாது என்பது காயத்ரி டீச்சரின் உத்தரவு.

வரவேற்பு நடனம் முடிந்ததும் பொன்னாடை ஆரம்பித்தது. பள்ளிக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தவர்கூட அன்று வந்திருந்தார். எல்லோருக்கும் சால்வை உண்டு. சால்வை போர்த்தும்போது பெயர், கடைப் பெயர், கொடுத்த பொருள் மூன்றையும் மைக்கில் சொல்லியாக வேண்டும். போர்த்திக்கொண்டவர் போட்டோவுக்காகத் திரும்பி நிற்க வேண்டும். அவர் உட்காரும்முன் சார் பிரம்மியைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டுவார்.

"இப்போது இரண்டு வார்த்தை பேசுவார்" என்று பிரம்மி சொல்வாள்.

இரண்டு வார்த்தை என்று மைக்கைப் பிடித்தவர்களில் ஒருவராவது இரண்டு வார்த்தையோடு விட்டார்களா? மளிகைக்கடைக்காரர் தன் தாத்தா செஞ்சிக்கு வந்த கதையில் ஆரம்பித்தார். தாத்தா கடை வைப்பதற்குள் எழில் இரண்டு தடவை திரைக்குள்ளிருந்து தலையை நீட்டிவிட்டாள். ஜவுளிக்கடைக்காரர் செல்போனின் தீமைகளைப் பேசினார். நடுவில் அவருக்கு போன் வந்தது. எடுத்துப் பேசிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. பிரம்மி அதையே பார்த்தாள். அவர்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் வீட்டில் யாரும் சாப்பிடமாட்டார்கள். அதற்காகவே அம்மா புளிசாதம் கட்டிக் கொடுத்திருந்தாள், நாலரைக்கெல்லாம் சாப்பிட்டுவிடு என்று. டிபன் பாக்ஸ் திரைக்குப் பின்னால் பைக்குள் இருந்தது. சூரியனை மலை மறைத்தாலே பொழுது போன கணக்கா, இல்லை நிஜமாகவே சாய வேண்டுமா என்று அம்மாவுக்கும் நைனாவுக்கும் எப்போதும் வாக்குவாதம். அம்மா கட்சி என்றால் இன்றைய சாப்பாடு ஏற்கெனவே போய்விட்டது. நைனா கட்சி என்றால் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. பசியில் அவள் நைனா கட்சிக்கு மாறியிருந்தாள்.

ஒரு சால்வைக்கும் அடுத்த சால்வைக்கும் நடுவே சாரிடம் குனிந்து, "சார், நாடகம் சார். பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு" என்றாள்.

"முடிஞ்சிதும்மா. இன்னும் ஒரே ஒருத்தரு. அஞ்சு நிமிஷம்."

அந்த ஒருத்தரும் பேசி முடித்தார். பிரம்மி மைக்கை வாயருகே கொண்டுபோனாள். 'அடுத்ததாக' என்றுகூடச் சொல்லிவிட்டாள். அப்போதுதான் சார் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். முன்வரிசையில் பாத்திரக்கடை பாலமுரளி கையைக் கட்டிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். விழாவுக்கு எவர்சில்வர் பரிசுப் பாத்திரங்கள் அத்தனையும் அவர் கொடுத்தவை. அவர் பெயர் விட்டுப்போயிருந்தது.

சால்வையும் தீர்ந்துபோயிருந்தது. சார் ஒரு கணம்தான் விழித்தார். தமக்குப் போர்த்திய சால்வையை நாற்காலியிலிருந்து எடுத்து, உதறி, மடித்து, அது புதுசுதான் என்பதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். பிரம்மிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. புன்னகையை மட்டும் விடவில்லை.

பாலமுரளி மேடை ஏறினார். சார் இரண்டு விரலைக் காட்டினார்.

சொல்லக்கூடாது என்று அவளுக்கு இருந்தது. நேராக நாடகத்தை அறிவித்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? திரை திறந்துவிடும், அனுஷா தட்டைச் சுழற்ற ஆரம்பித்துவிடுவாள். மைக் அவள் கையில்தான் இருந்தது. ஆனால் வருஷம் முழுக்க, எழுதிக் கொடுத்ததை மட்டுமே வாசித்துப் பழகிய வாய் அது.

"இப்போது இரண்டு வார்த்தை பேசுவார்" என்றாள்.

மனத்தாங்கலோடு ஏறிய மனுஷன் லேசில் இறங்குவாரா? நேரத்தின் அருமையைப் பற்றிப் பேசினார். இதே பள்ளியில் படித்த காலத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லையாம். ராஜகிரிக்குப் பின்னாலிருந்த சிவப்பும் மங்கி, ஷாமியானாவில் விளக்குப் போட்டார்கள். நைனா கட்சிப்படியும் சாப்பாடு போய்விட்டது.

திரையோரத்திலிருந்து கமலேஷ் கையைக் காட்டினான். காக்கிச் சட்டை, பென்சிலில் வரைந்த மீசை. பிரம்மி ஓரமாகப் போனாள்.

"நாங்க கெளம்பறோம்டி. பஸ் போயிட்டா எங்க நைனா தோலை உரிச்சிடுவாரு. எழிலு வேற அழுவுறா."

"இதோ முடிச்சிடுவாருடா."

"அவரா? இப்பதான் ஆறாவதுல இருக்காரு. இன்னும் எட்டாவது பாஸாவணும்."

அவர்கள் போய்விட்டார்கள். கூடையும் தட்டும் காக்கியுமாக மூன்று பேர் பின்கேட் வழியாகப் போவது மேடையிலிருந்து அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கூட்டத்துக்குத் தெரியவில்லை.

பாலமுரளி ஒருவழியாக இறங்கியதும் சார் கண்ணாலேயே நாடகம் என்றார். பிரம்மி மைக்கை எடுத்தாள்.

"அடுத்ததாக, எட்டாம் வகுப்பு மாணவர்கள் நடிக்கவிருந்த 'நிற்காத பஸ்' நாடகம். நடிகர்கள் எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டதால் நாடகம் இல்லை."

கூட்டம் கைதட்டியது. சிறப்பு விருந்தினர் தட்டினார். பாலமுரளி சால்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்துத் தட்டினார். அறிவிப்பாளர் நிறுத்தினால் தட்ட வேண்டும், அவ்வளவுதான். அவள் சொன்னது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. காயத்ரி டீச்சர் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா சொன்ன நீ?" என்றார் சார், முகம் கறுத்து.

பிரம்மி மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

திண்டிவனம் ரோட்டு ஸ்டாப்பில் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். எழிலின் நரைமுடி பவுடர் முகம் முழுக்க வடிந்து, பாட்டி போய்ப் பேய் மாதிரி இருந்தாள். தூரத்தில் பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. பிரம்மி ரோட்டோரம் போய்க் கையை நீட்டினாள்.

"அண்ணா! நிறுத்துங்கண்ணா! ஸ்கூல் புள்ளைங்கண்ணா!"

கடைசி வரிசைவரை கேட்கும் அந்தத் தொண்டையில் இருந்ததையெல்லாம் போட்டுக் கத்தினாள். டிரைவர் அவளைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பஸ் வேகம் குறையாமல் அவள் பாவாடையில் புழுதியை இறைத்துவிட்டு அவர்களைத் தாண்டியது.

அப்போது கமலேஷ் விசிலை எடுத்து ஊதினான். ஒரே ஒரு விசில்.

பிரேக் கிறீச்சிட்டது. அந்தப் பெரிய வண்டி குலுங்கி, கொஞ்ச தூரத்திலேயே நின்றது. டிரைவர் யோசித்து நிறுத்தியிருக்க மாட்டார். காலே தானாக அமுக்கியிருக்கும். நான்கு பேரும் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார்கள்.

"எவன்டா விசில் ஊதனது?" என்று கண்டக்டர் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். கமலேஷின் காக்கிச் சட்டையையும் மீசையையும் பார்த்தார். பஸ்ஸே சிரித்தது. அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"இன்னாடா வேஷம் இது?"

"ஸ்கூல்ல நாடகம்ணா."

"ஆடி முடிச்சிட்டு அப்டியே வந்துட்டீங்களா?"

"ஆடவே இல்லண்ணா" என்றான் கமலேஷ். "பேசிக்கினே இருந்தாங்க. எங்களக் கூப்புடவே இல்ல. பஸ் போயிடும்னு வந்துட்டோம்."

கண்டக்டர் விசிலை அவன் கையிலிருந்து பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அப்ப விசில அங்கல்ல ஊதியிருக்கணும்? கையில வச்சிக்கினு சும்மா நின்னுட்டு, இங்க வந்து என் வண்டிய நிறுத்துறீங்க!"

இரண்டு விசில் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார். வண்டி கிளம்பியது.

கமலேஷ் பிரம்மியைத் திரும்பிப் பார்த்தான். நான் அப்பவே சொன்னேனே என்று அவன் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சொல்லவில்லை. அவள் பையைத் திறந்து புளிசாதத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"நீ சாப்புடலியா?"

"பொழுது சாஞ்சிடுச்சு" என்றாள். மைக்கைப் பிடித்து மரத்துப்போயிருந்த வலதுகையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டே, வல்லம் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.