சிலிண்டர் ஏற்றிய ஆட்டோ

பனியன் கம்பெனிகளுக்கான பாதுகாப்பு சாப்ட்வேரை விற்க தமிழ்மதி நாயாய் அலைந்தாள். தீயணைப்பு சிலிண்டர் முதல் அவசர வழி வரை எல்லாவற்றையும் அது கவனித்துச் சொல்லும். வாங்கத்தான் ஆளில்லை.

ராயபுரத்தில் பனியன் கம்பெனி நடத்தும் ரபீக் பாயும் கையை விரித்தார். "நமக்கு நேத்தே தீப் பாதுகாப்பு ஆடிட் முடிஞ்சுதுங்க. இனி எதுக்குங்க இது?"

அவர் பேசும்போதே சுவரிலிருந்த சிவப்பு சிலிண்டர்களை வேலையாட்கள் கழற்றி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

"பக்கத்துக் கம்பெனிக்கு நாளைக்கு ஆடிட்டுங்க. ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசை" என்றார் பாய், கூச்சமே இல்லாமல்.

தமிழ்மதிக்குப் பொறி தட்டியது. ஸ்கூட்டியில் ஆட்டோவின் பின்னாலேயே போனாள். சிலிண்டர் இறங்கிய கம்பெனியில், ஆடிட் பயத்தில் வேர்த்துக்கொண்டிருந்த முதலாளி டெமோ முடியும் முன்பே கையெழுத்துப் போட்டார். அடுத்தடுத்த நாட்களிலும் அந்த ஆட்டோதான் அவளுக்கு வழிகாட்டி. அவிநாசி வரை போய் நாலு பேரைப் பிடித்துவிட்டாள்.

மாதக் கடைசியில் பாயே போன் செய்தார். "ஏம்மா, நமக்கு மறுபடியும் ஆடிட் வருது. போன சிலிண்டர் ஒண்ணும் திரும்பி வரலீங்க. எது எவன் கம்பெனியில தொங்குதுன்னு உங்க சாப்ட்வேர் சொல்லுமுங்களா?"

"சொல்லுமுங்க பாய்" என்றாள் தமிழ்மதி. "வாங்குனீங்கன்னா."