ரோண்டா வீட்டில் வசிப்போர்: ஒருவர்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதிக்கவில்லை, தொலைபேசியில் வந்தது. ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் ஒரு கார் காப்பீட்டு அலுவலகத்தில் இருபத்தொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வாரத்துக்கு நான்கு பேராவது ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: பிள்ளை லைசென்ஸ் வாங்கிவிட்டான், எங்கள் பாலிசியில் அவனைச் சேர்த்தே ஆகவேண்டுமா? விதி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனால் வீட்டில் இருப்பவனை இல்லையென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்பேன். அதோடு என் வேலை முடிந்தது.

ரோண்டா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "என் பொண்ண என் வீட்டுல திரும்பப் போடுங்க" என்றாள்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். கோபத்தை மாற்றவில்லை.)

2.

முதல் தொடக்கம்: பதினாறு வயது மேவ் காரைப் பின்னால் எடுத்தபோது, பக்கத்தில் இருந்த அவள் அம்மா ரோண்டாவின் வயிற்றில்

வேண்டாம். நெருப்பு என்று எழுதப்போனேன். பொறாமை வந்தவுடன் வயிற்றைப் பற்றவைப்பது எழுத்தாளர்களின் சோம்பேறித்தனம்.

நோட்டிலிருந்து தொடங்குகிறேன். லைசென்ஸுக்கு முன் பிள்ளைகள் அப்பா, அம்மா அல்லது வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்து ஐம்பது மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். கூட உட்கார்ந்தவர் தேதி போட்டு எழுதிவைப்பார். மேவின் நோட்டில் பன்னிரண்டு மணி நேரம் ரோண்டாவின் கையெழுத்தில் இருந்தது. மீதி முப்பத்தெட்டும் கோரினின் கையெழுத்து. கோரின், ரோண்டாவின் முன்னாள் கணவன் க்ளென்னுக்கு இப்போதைய மனைவி. விவாகரத்தாகி ஆறு வருடமாக மேவ் பாதி வாரம் அங்கே, பாதி வாரம் இங்கே.

லைசென்ஸ் தேர்வில் பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே காரை நுழைத்துக் காட்டவேண்டும். அதற்காகக் கோரின் ஐந்து துணிக்கூடைகளை வாசலில் கவிழ்த்துவைத்துப் பழக்கினாளாம். மேவ் சொல்லிச் சிரித்தாள். ரோண்டாவும் சிரித்தாள். அப்புறம் உள்ளே போய்ப் பார்த்தாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு கூடை, அதிலும் கைப்பிடி இல்லை.

3.

கோரினைக் கெட்டவளாக்க மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஒரு முறை சிடுசிடுக்க வைத்தேன், ஒரு முறை தளுக்குக்காரி ஆக்கினேன். எதுவும் ஒட்டவில்லை. மேவுக்கு ஈறு வீங்கிய அன்று ரோண்டாவை முதலில் கூப்பிட்டவளே கோரின்தான். ரோண்டாவே சொன்னாள்: "அவ மோசமானவளா இருந்துட்டா நான் நிம்மதியா இருந்துருப்பேங்க."

[அடிக்குறிப்பு: எனக்கும் ஒரு கோரின் உண்டு. என் மகனின் மாமியார். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நல்ல வார்த்தை ஒன்றும் வராது என்பதால்தான் அடுத்த வீட்டுப் பொறாமையைக் கையில் எடுத்தேன்.]

4.

லைசென்ஸ் கைக்கு வந்த மூன்றாவது வாரம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் முகவரியில் புதிதாக லைசென்ஸ் பெற்ற ஒருவர் இருப்பதாகத் தெரிகிறது, கீழே ஒன்றைக் குறிக்கவும். ஒன்று, பாலிசியில் சேர்க்கிறேன். இரண்டு, என் காரை அவர் ஓட்டவே மாட்டார். மூன்று, அவர் இந்த வீட்டில் வசிக்கவில்லை, வேறிடத்தில் காப்பீடு உள்ளது.

ரோண்டா முதல் கட்டத்தில்தான் பேனாவை வைத்தாளாம். அந்த நேரம் பார்த்துக் கோரினிடமிருந்து மின்னஞ்சல். மேவை எங்கள் பாலிசியில் சேர்த்தாகிவிட்டது, கவலைப்படாதே, நகல் இணைத்திருக்கிறேன். நகலில் மேவின் பெயருக்கு நேரே, உறவு என்ற இடத்தில், 'மகள்' என்று இருந்தது.

(உறவைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் 'கணவரின் மகள்' என்பதுபோல் வேறு சொல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ரோண்டாவுக்குத் தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.)

ரோண்டா மூன்றாவது கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டாள். உங்க மகளையே வெச்சுக்கோங்க என்று வாய்விட்டுச் சொன்னாளாம். பத்து நாளில் கம்பெனி பதில் அனுப்பியது. திருத்தியாயிற்று, நன்றி. வீட்டில் வசிப்போர்: ஒருவர்.

சமையலறை மேடையில் அதை வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

5.

இங்கே கட்டுரைக்காரன் நுழைந்து, இரண்டு வீட்டுப் பிள்ளையை இரண்டு பாலிசியிலும் சேர்க்கலாம் என்பதை விளக்கவேண்டும். சேர்க்கலாம். அதைத்தான் சொன்னேன். ஆனால் படிவத்தில் முதன்மை வீடு என்று ஒரு வரி உண்டு, அதைக் காலியாக விட முடியாது. பெண்ணிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். ஆறு வருடத்தில் அவள் கேட்காத ஒரே கேள்வி அது. பதிலுக்குப் பயம்.

6.

முடிவு அ: ரோண்டா கேட்காமலே 'இங்கேதான்' என்று எழுதச் சொல்கிறாள். நான் எழுதிவிடுகிறேன். எல்லாரும்

இது முடிவல்ல, என் அலுவலக வேலை.

முடிவு ஆ: கோரினும் ரோண்டாவும் காபி குடிக்கிறார்கள். கோரின் அழுகிறாள். இதை எழுதும்போது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது, அதனாலேயே அடித்துவிட்டேன்.

நடந்தது வரைக்கும் சொல்கிறேன். சனிக்கிழமை காலை, மளிகைக் கடை வாகன நிறுத்தம். மேவ் காரை இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒரே வீச்சில் நிறுத்தினாள். யார் கற்றுக்கொடுத்த நேர்த்தி என்று ரோண்டாவுக்குத் தெரியும். அதை விழுங்கிக்கொண்டு கேட்டேவிட்டாள்.

"ஏண்டி மேவ், உன் வீடு எதுன்னு எழுதட்டும்? அங்கேயா, இங்கேயா?"

மேவ் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். அம்மா பக்கம் திரும்பவில்லை.

"நீதான் ஏற்கெனவே எழுதிட்டியேம்மா. லெட்டர் மேடை மேல கெடந்துச்சு, படிச்சேன்."

இதற்கு ரோண்டா ஏதோ பதில் சொல்லியாகவேண்டும். அவளுக்காகப் பதினோரு வாக்கியங்கள் எழுதிப் பார்த்துவிட்டேன். பதினொன்றிலும் எங்காவது கோரின் வந்துவிடுகிறாள்.

கோரின் இல்லாத ஒரு வாக்கியம் உங்களிடம் இருந்தால் ரோண்டாவுக்குக் கொடுங்கள். சீக்கிரம். பெண் கதவைத் திறக்கக் கை வைத்துவிட்டாள்.