பெட்டி மேல் உட்கார்ந்தவள்

அழகையாவுக்கு யாராவது நாற்காலி போட்டால் போதும், வீட்டையே தூக்கிக் கொடுத்துவிடுவான். சிற்றம்பலம் போட்டார். ரிட்டையரான ஸ்டேஷன் மாஸ்டர் அவர். பதுளை ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பழைய பார்சல் அறையில் ரயில், கப்பல் பயணத்தின் பழைய சாமான்களைக் காட்சிக்கு வைக்கும் ஒரு நூதனசாலை திறக்க அலைந்துகொண்டிருந்தார். டீயும் கொடுத்து, "உம்மட பேரையும் அட்டையில எழுதி வைப்பன்" என்றார். மறுநாளே இந்தியா போய்வந்த தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தான் மனுஷன். துணிமணியெல்லாம் தோட்டத்து லய வீட்டு மூலையில் மூட்டையாகக் கிடந்தது.

அவன் பெண்சாதி ரெங்கம்மா அதற்கே ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருந்தாள். திறப்பு விழாவன்று காலையில்தான் அந்தச் சேதி அவள் காதில் விழுந்தது. விழாவுக்கு வரப்போகிறவர் பிரசாவுரிமை விசாரணை துரையாம்; யாரை இலங்கைக் குடியாகச் சேர்ப்பது என்று மனுக்களை விசாரித்து முடிவு செய்கிறவர்.

பெட்டி மூடியில் இரண்டு லேபல்கள் ஒட்டியிருந்தன, தேதி முத்திரையோடு. ஒன்று கப்பலில் போனபோது ஒட்டியது, ஒன்று வந்தபோது. நடுவில் பதினாலு மாதம். போன இடத்தில் அழகையா கால் முறிந்து படுத்துவிட்டான், வேறென்ன செய்வது? ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் இந்தியாவில் தங்கியவர்கள் மனு செல்லாது என்பது சட்டம். மூன்று மாதம்தான் என்று மனுவில் சொல்லியாகிவிட்டது. அடுத்த வாரம் அதே துரை முன்னால் நின்று சத்தியம் பண்ண வேண்டும். லேபலை அவர் பார்த்தால் எல்லாம் போச்சு. பிறந்த மண்ணை விட்டுப் பிள்ளைகளோடு கப்பலேற வேண்டியதுதான்.

பஸ்ஸை விட்டிறங்கி ஓட்டமும் நடையுமாக அவள் வந்து சேர்ந்தபோது வாசலில் தோரணம் கட்டியிருந்தது. உள்ளே சிற்றம்பலம் ஸ்டேஷன் மணியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நடுக்கூடத்திலேயே பெட்டி. மேலே அழகையாவின் பெயர் எழுதிய அட்டை.

விஷயத்தைச் சொன்னாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"குடுத்த சாமானைத் திருப்பிக் குடுக்கேலாது பிள்ளை," என்றார் அவர். "சரித்திரத்தைக் காப்பாத்திறதுதான் என்ர வேலை."

"எங்கள யாருங்க காப்பாத்துறது?"

அவர் மணியைத் துடைக்கத் திரும்பினார். ரெங்கம்மா குனிந்து லேபலை நகத்தால் சுரண்டினாள். பாழாய்ப்போன பசை, வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்தது.

"தொடாதை!" என்று கத்தினார்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. பூட்ஸ் சத்தம் படியேறியது. ரெங்கம்மாவுக்கு யோசிக்க நேரமில்லை. அட்டையை உருவி இடுப்பில் செருகினாள். பெட்டி மேலேயே உட்கார்ந்து சேலையை இழுத்து விரித்துவிட்டாள்.

துரை உள்ளே வந்தார். கூடவே ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர். எல்லோர் கண்ணும் அவள் மேல்.

"இது யார்?"

சிற்றம்பலம் தொண்டையைக் கனைத்தார். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் குடும்பமே தொலைந்தது.

"தலைமன்னார் பயணி, சேர். சனங்கள் எப்பிடிக் கப்பலுக்குக் காத்திருந்தவை எண்டு காட்ட இருத்தி வச்சிருக்கிறம்."

துரைக்கு அது பிடித்துப்போயிற்று. அவளைச் சுற்றி வந்து தலை முதல் கால் வரை பார்த்தார், ரயில் விளக்கைப் பார்ப்பதுபோல. ரெங்கம்மாவுக்கு உடம்பு கூசியது. பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் வேடிக்கையாகக் கேட்டார்:

"எங்கே போறது? இந்தியாவா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு அவள் நாக்கு எழவில்லை.

"வீட்டுக்குப் போறேங்க."

"வீடு எங்கே?"

"இங்க பக்கத்துல நமுனுகுலங்க. அங்கதான் பொறந்தேன்."

சிரிப்பு நின்றது. துரையின் புருவம் சுருங்கியது.

"திரும்பி வாற பயணி, சேர்," என்று குறுக்கே விழுந்தார் சிற்றம்பலம். அவர் நெற்றியில் வேர்த்திருந்தது.

"நல்லது. பெட்டி பார்க்கலாமா?"

அவர் குனிந்தார். சேலை விளிம்புக்கும் அவர் கைக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. ரெங்கம்மா அசையவில்லை. கொன்று போட்டாலும் எழுந்திருப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கணீரென்று ஸ்டேஷன் மணி அடித்தது. சிற்றம்பலம்தான். ஒருவரையும் தொடவிடாத மணியைத் தானே, ரயில் புறப்படும்போது அடிப்பதுபோல விடாமல் அடித்துக்கொண்டு, "கோச்சி வெளிக்கிடுது, சேர்! அடுத்த அறைக்கு வாங்கோ!" என்றார். துரை வாய்விட்டுச் சிரித்தபடி அவர் பின்னால் போனார்.

ஜீப் புறப்பட்டுப் போன பிறகும் ரெங்கம்மா பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை. சிற்றம்பலம் ஒரு செம்பு தண்ணீரோடு வந்து நின்றார். அவள் கையை நீட்டினாள்.

"குடிக்க இல்லை," என்றார். "எழும்புங்கோ அம்மா."

அவள் எழுந்தாள். அவர் முழந்தாளிட்டு, இரண்டு லேபல்களின் மேலும் தண்ணீரை ஊற்றி, ஊறும்வரை காத்திருந்து, தன் கையாலேயே உரிக்க ஆரம்பித்தார்.