வழிமொழிந்தவர், ஏழாம் வார்டு

மார்ச் 11, புதன்.

இன்றைய பிழை: சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில், வந்திருந்த உறுப்பினர்கள் ஆறு பேர் என்று எழுதிவிட்டேன். ஏழு பேர். விட்டுப்போனது ஏழாம் வார்டு உறுப்பினர். அவர் கூட்டத்தில் அதிகம் பேசவில்லை என்பது காரணம் ஆகாது. அவர் என் அத்தை.

நாளை: ஆணையத்துக்குப் பதில் அனுப்பச் சிறப்புக் கூட்டம். பெரிய வரைபடத்தைச் சுவரில் மாட்ட வேண்டும். பென்சில்களைச் சீவி வைக்க வேண்டும். நல்ல ரப்பர் ஒன்று வாங்க வேண்டும்.

மாலை வகுப்பில் வரைபடம் போடச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கு ஒரு பிடிவாதம். கோடு போடப் பழகுகிறவர்கள் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும். அன்றைய பிழையில் தொடங்கி மறுநாள் வேலையில் முடிக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் எழுதுவதே இல்லை. மற்றவர்கள் வாரக் கடைசியில் உட்கார்ந்து, செய்யாத பிழைகளைக் கற்பனை செய்து எழுதிக் கொடுத்தார்கள். மேலே உள்ள குறிப்பை எழுதிய, நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்த பெண்ணுக்கு மட்டும் கற்பனைக்கு வேலையே இருக்கவில்லை. ஒரு கூட்டலை மூன்று முறை போட்டுப் பார்ப்பாள். மூன்று முறையும் ஒரே விடை வந்தால், மூன்றிலும் ஒரே தப்பைச் செய்திருப்போமோ என்று பயப்படுவாள்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்பாக வந்து மன்ற அறையைத் திறந்தாள். ஜன்னல் ஓரம் இரும்பு அலமாரி, நடுவில் நீள மேஜை, தலைவர் நாற்காலிக்கு மட்டும் மெத்தை. எதிர்ச் சுவரில் வரைபடத்தை மாட்டினாள்.

எல்லை மறுவரையறை ஆணையம் அனுப்பிய வரைவு அது. ஊரின் கீழ்ப்பக்கம் நெடுக ஒரு கால்வாய் ஓடியது. ஆறு வார்டுகள் அதற்கு மேலே. கால்வாய்க்கு அந்தப் பக்கம், நாடா மாதிரி நீண்டு கிடந்தது ஏழாம் வார்டு. ஒரு வார்டில் குறைந்தது மூவாயிரம் பேர் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் புது விதி. ஏழாம் வார்டில் அவ்வளவு பேர் இல்லை. கால்வாயைக் கடக்கப் பாலம் இல்லாததால், முடிந்தவர்கள் எல்லாம் வீட்டைக் காலி செய்துகொண்டு போயிருந்தார்கள். ஆணையமே யோசித்து, மேலே இருக்கும் ஆறு வார்டுகளிலிருந்தும் கால்வாய் ஓரத் தெருக்களில் ஒவ்வொன்றை எடுத்து ஏழாவதோடு சேர்த்திருந்தது. வரைவு வந்த அன்று அவள் அத்தையிடம், "உங்க வார்டு அப்படியே இருக்கு, பயப்படாதீங்க" என்று சொல்லியிருந்தாள்.

அத்தைக்கு வார்டு என்றால் பாலம். பாலம் என்றால் மாமா. அந்தப் பக்கத்துச் சனங்கள் பஸ் பிடிக்க வேண்டுமானால் கால்வாயின் குறுக்கே போகும் குடிநீர்க் குழாய் மேல்தான் நடந்து வர வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமா அதிலிருந்து விழுந்தார். முறிந்த இடுப்பெலும்பு சேரவில்லை. அன்று முதல் அத்தையின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருக்கிறார். இந்த வருஷ வேலைப் பட்டியலில், ஏழாம் வார்டு என்ற தலைப்பின் கீழே, ஒரே ஒரு வேலை இருந்தது: நடைபாலம்.

அதை அத்தை சண்டை போட்டு வாங்கவில்லை, வழிமொழிந்தே வாங்கினாள். மன்றத்தில் யார் எந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தாலும், அதை ஆமோதித்து வழிமொழிய இன்னொருவர் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் தீர்மானம் அங்கேயே விழுந்துவிடும். அத்தை உறுப்பினரான நாளிலிருந்து அந்தக் கவலை யாருக்கும் இல்லை. தெருவிளக்கா, கழிப்பிடமா, தலைவரின் மரக்கடைக்கு முன்னால் வேகத்தடையா, எதுவானாலும் அத்தையின் குரல் வந்துவிடும். "வழிமொழி அக்கா" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"சிரிக்கட்டும்டி," என்பாள் அத்தை. "நான் யாருக்கும் வேண்டாதவ இல்ல. எனக்கு ஒண்ணுன்னா ஆறு கையும் தூக்கும் பாரு."

பாலத்துக்கு ஆறு கையும் தூக்கியது உண்மைதான்.

பதினொரு மணிக்குக் கூட்டம் தொடங்கியது. தலைவர் மெத்தையில் சாய்ந்துகொண்டு, "வார்டு வாரியா வருவோம். ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க. நிறைவேறினா அம்மா அங்க கோட்டை அழிச்சுப் பழையபடி போட்டுடும். கடைசியில எல்லாத்தையும் சேர்த்து ஒரே பதிலா அனுப்பிடலாம்" என்றார். எழுத்தர் ரப்பரோடு சுவர் ஓரம் நின்றாள்.

முதல் வார்டு தலைவருடையதே. மரக்கடைக்குப் பின்னால் இருந்த தெருவை ஏழாவதுக்குக் கொடுக்க முடியாது என்றார். காரணம் சொல்லவில்லை; தலைவர் என்பதால் யாரும் கேட்கவும் இல்லை.

"வழிமொழியறேன்," என்றாள் அத்தை.

எழுத்தர் கோட்டை அழித்தாள்.

இரண்டாவது மருந்துக்கடைக்காரர். அவர் கொஞ்சம் நெளிந்தார். "எங்க தெருக்காரங்க கடைக்கே வந்து கேக்கறாங்க. நாங்க என்ன தப்பு பண்ணினோம், எங்களைக் கொண்டுபோய் கால்வாய்க்கு அந்தப் பக்கம் சேக்கறாங்கன்னு. பொண்ணு பாக்க வர்றவங்க வார்டு நம்பரைக் கேட்டா என்ன சொல்றதாம்." பிறகு அத்தையைப் பார்த்து, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல என்ன தம்பி. வேண்டாம்ங்கறவங்களைக் கட்டியா வச்சுக்க முடியும்? வழிமொழியறேன்."

"நீங்க வழிமொழியலேன்னா பொழுதே விடியாதுக்கா," என்றார் வக்கீல். அவர் ஐந்தாம் வார்டு. எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள்.

மூன்றாவது தெருவை அழிக்கும்போது எழுத்தரின் கை தானாக நின்றது. வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கழித்தல் போட்டாள். வந்த விடையை நம்பவில்லை. மறுபடி போட்டாள். தன் கணக்கில்தான் கோளாறு இருக்கும் என்று தோன்றியது, ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐயா, அந்த மூவாயிரம் பேர் விதி..." என்றாள்.

"அதெல்லாம் ஆணையம் பாத்துக்கும். நீ அழிம்மா."

அழித்தாள். நான்காவதையும் அழித்தாள். தேநீருக்காகக் கூட்டம் கலைந்தபோதுதான் அவளுக்குக் கணக்கு உறுதிப்பட்டது. அத்தை தாழ்வாரத்தில் காகிதக் கோப்பையை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இனிமே வழிமொழியாதீங்க."

"ஏண்டி?"

"மூவாயிரத்துக்குக் கீழ போனா வார்டே கிடையாது. நம்ம தெருக்களைப் பிச்சு மேல இருக்கற வார்டுகள்ல ஒட்டிடுவாங்க. ஆணையம் கொடுத்த தெருவுங்க இருந்தாத்தான் நாம தேறுவோம். நாலு போயிடுச்சு."

அத்தை ஊதுவதை நிறுத்தினாள். "நீதானே வார்டு அப்படியே இருக்குன்னே?"

"வரைவுல அப்படித்தான் இருந்துச்சு. இப்ப நாமளே அழிச்சுக்கிட்டிருக்கோம்."

"எனக்கு எங்க தெருவு போதும், அவங்க தெருவு எனக்கெதுக்குன்னுதானே..." அத்தை முடிக்கவில்லை. உள்ளே ஆறாம் வார்டு டயர்க்கடைக்காரர் ஏதோ சொல்லச் சிரிப்பு கேட்டது. "பாலம்?"

"வேலைப் பட்டியல் வார்டு வாரியாத்தான் அத்தை. வார்டு போனா அதோட போச்சு. புதுசா ஒட்டற வார்டுல கடைசியில போய் நிக்கணும். அங்க நமக்குன்னு பேச ஆளும் இருக்காது."

"இன்னும் எத்தனை பாக்கி?"

"வக்கீலும் டயர்க்கடைக்காரரும். அந்த ரெண்டு தெருவும் நம்மகிட்டயே இருந்துட்டா, இழுத்துப் பறிச்சு மூவாயிரத்தைத் தாண்டிடலாம். நாலு தரம் போட்டுப் பாத்துட்டேன்."

"ரெண்டு பேருக்கும் நேத்தே வாக்குக் கொடுத்துட்டேனே," என்றாள் அத்தை. தேநீரைக் குடிக்காமலே கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

ஐந்தாம் வார்டு. வக்கீல் எழுந்து, நீதிமன்றத்தில் பேசுகிற மாதிரி அழகாகப் பேசினார். பள்ளிக்கூடம், தபால் நிலையம், மக்களின் நெடுநாள் பழக்கம். பேசி முடித்து உட்கார்ந்து, பேனாவை மூடிக்கொண்டே அத்தையின் பக்கம் திரும்பினார்.

அத்தை மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் பார்த்தார். சுவர் ஓரம் நின்ற எழுத்தர், விழட்டும், விழட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்குத் தூக்கம் வந்துடுச்சு போல," என்றார் வக்கீல்.

"தூங்கல தம்பி. இதை நான் வழிமொழியல."

"என்னக்கா, நேத்து..."

"நேத்து எனக்குக் கணக்குத் தெரியல."

வக்கீலின் முகம் சுருங்கியது. கோபம் கூட இல்லை. நெருங்கிய சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வராமல் போனால் வருமே, அப்படி ஒரு வருத்தம். அதற்குள் மருந்துக்கடைக்காரர் கையைத் தூக்கி, "நான் வழிமொழியறேன், மேல போங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு மூச்சு விடுகிற நேரம் கூட ஆகவில்லை. ஆறாவது டயர்க்கடைக்காரர், அவருக்குத் தலைவரே வழிமொழிந்தார்.

இத்தனை வருஷமாக அத்தை வழிமொழிந்த தீர்மானங்களில் ஒன்றுகூட அத்தை இல்லாவிட்டால் விழுந்திருக்காது. அது எழுத்தருக்கு அப்போது விளங்கியது. அத்தைக்கும் விளங்கியிருக்க வேண்டும். இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து, தைக்கும் துணியை நீவிவிடுகிற மாதிரி வெறும் பலகையை நீவிக்கொண்டிருந்தாள்.

"ஏழாம் வார்டு," என்றார் தலைவர்.

அத்தை எழுந்தாள். மன்றத்தில் அவள் எழுந்து நின்று பேசியது அதுதான் முதல் தடவை. "நான் அழகாப் பேச மாட்டேன். வரைவுல எங்களுக்குக் கொடுத்த தெருவுங்கள்ல ரெண்டே ரெண்டை மட்டும் விட்டுக்கொடுங்க. எந்த ரெண்டுன்னு நீங்களே சொல்லுங்க. இல்லேன்னா எங்க வார்டு இருக்காது. பாலமும் வராது. என் வீட்டுக்காரர் எங்க விழுந்தார்னு உங்க எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தீங்க, பழம் வாங்கிட்டு வந்தீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "முன்மொழியறேன்."

தலைவர் பொறுமையாகத்தான் கேட்டார். "வழிமொழிய யாராவது?"

டயர்க்கடைக்காரர் செல்போனைத் திருப்பி வைத்தார். மருந்துக்கடைக்காரருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. வாயைத் திறந்து, தன் தெருவை நினைத்தாரோ என்னவோ, மூடிக்கொண்டார். வக்கீல் மெல்ல, "நாங்களும் அக்கா மாதிரியே பேசாம இருந்துட்டோம்னு வச்சுக்குங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

எழுத்தர் சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். ஒரே ஒரு சொல். அவளுக்கு அதைச் சொல்ல உரிமை இல்லை. அவள் கையில் இருந்தது ரப்பர்.

"வழிமொழிய ஆளில்லாததால தீர்மானம் விழுந்தது," என்றார் தலைவர். "அம்மா, குறிச்சுக்கோ. மன்றத்தோட பதில் ஏகமனதுன்னு போடு. எல்லார் கையெழுத்தும் வேணும், இல்லேன்னா ஆணையம் திருப்பி அனுப்பிடும்." பிறகு அத்தையிடம், "மனசுல வச்சுக்காதீங்க. பாலத்தை வேற தலைப்புல பாப்போம். உங்களுக்கு இல்லாததா?" என்றார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். எழுத்தர் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, மாலை வகுப்புக்குப் போகாமல், கால்வாய்க் கரை வரைக்கும் ஓடிப் பிடித்தாள். அத்தை குழாய்க்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள். கீழே கறுப்பாக நீர் நகர்ந்தது. அந்தக் கரையில் அவர்கள் வீட்டு ஜன்னல் தெரிந்தது. மாமா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, கையெழுத்துப் போடாதீங்க. ஏகமனது இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

"திருப்பி அனுப்பினா?"

அவள் யோசித்தாள். "மறுபடி கூட்டம் போடுவாங்க."

"அதே ஆறு பேர்தானே?"

"அதே ஆறு பேர்தான்."

"அப்புறம் எதுக்கு? நான் கெடுத்தேங்கற பேரும் சேந்துக்கும். இந்தச் சனம் நாளைக்கு அவங்ககிட்டதான் போய்த் தண்ணிக்கும் விளக்குக்கும் நிக்கணும்." அத்தை ஒரு காலைக் குழாயின்மேல் வைத்தாள். "வரைபடத்துல எல்லாத்தையும் அழிச்சுட்டியா?"

"ஆறு தெருவும் அழிச்சாச்சு. நம்மளுதைப் பிரிச்சு இன்னும் கோடு போடல."

"நல்லா நேராப் போடு. நீ போட்டதுன்னு தெரியட்டும்." அதில் குத்தல் இருந்ததா என்று எழுத்தருக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்தாள், அத்தையின் முகத்தில் எதுவுமே இல்லை. "மாமாகிட்ட இப்போதைக்குச் சொல்லாதே. பாலம் வந்தா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கம்பை ஊனிட்டுப் போய்ப் பாக்கணும்னு சொல்லிட்டிருக்கார். கையெழுத்து வாங்க நீதானே வருவே?"

"நான்தான்."

"செருப்பைக் கழட்டிட்டு வா. குழாய் வழுக்குது."

அத்தை நடந்தாள். நடுவில் ஓரிடத்தில் நின்று, மாமா விழுந்த இடமோ என்னவோ, கைப்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு மறுபடி நடந்தாள். அக்கரையில் இறங்கியதும் திரும்பிப் பார்க்கவில்லை.

எழுத்தர் கரைமேல் இருந்த கல்லில் உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்போதே நாட்குறிப்பை எடுத்தாள். மார்ச் 12, வியாழன் என்று எழுதினாள். இன்றைய பிழை என்று எழுதினாள். அதற்கு நேராக எதை எழுதுவது என்று வெகுநேரம் தெரியவில்லை. கணக்கில் பிழை இல்லை. கோட்டில் பிழை இல்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுக் கீழே எழுதினாள்.

நாளை: ஏழாம் வார்டுத் தெருக்களைப் பிரித்துக் கோடு போட வேண்டும். வேலைப் பட்டியலில் ஏழாம் வார்டு என்ற தலைப்பை எடுத்துவிட்டுத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். ஆறு உறுப்பினர்களிடம் அலுவலகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பிறகு குழாய் வழியாக அத்தை வீட்டுக்குப் போய் ஏழாவது கையெழுத்து.