கவுனில் ஒரு துளி

"அண்ணி, இன்னிக்கு ஒரு நாள்தான் உங்க பேச்சைக் கேப்பேன். ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா, அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. டீல்?"

ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டே பேரம் பேசினாள் நாத்தனார். வீட்டில் அவள் பெயர் வாலு. நாற்பத்து மூன்று வயதாகி, சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அளவுக்கு வளர்ந்த பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

அண்ணி இந்த ஸ்கேன் அறையில் பன்னிரண்டு வருடமாக டெக்னீஷியன். மாமியாரின் மார்பில் கட்டி எலுமிச்சை அளவுக்கு வளர்ந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட அவர் இருக்கவில்லை. வாலுவுக்கும் அம்மாவைப் போலவே அடர்த்தியான மார்பகம். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் அந்த அடர்த்தியும் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத் தெரியும். போன மாதம் எடுத்த படத்தில் ஒன்றுமில்லை என்று வந்தும் அண்ணிக்கு மனம் ஆறவில்லை. ஒரு மாதம் விடாமல் நச்சரித்து இங்கே இழுத்து வந்திருந்தாள். லேசான கதிர்வீச்சுள்ள மருந்தை ரத்தத்தில் ஏற்றினால், வேகமாக வளரும் கட்டி அதை அதிகமாக இழுத்துக்கொள்ளும். அந்த இடத்தை காமா கேமரா புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

"இதுவும் போட்டு நசுக்குமா?"

"லேசா பிடிச்சுக்கும், அவ்வளவுதான். ஆனா ஒரு படத்துக்குப் பத்து நிமிஷம். ஆடாம உக்காரணும்."

"பத்து நிமிஷமா? என் கல்யாணத்துலகூட நான் அவ்வளவு நேரம் ஆடாம இருந்ததில்ல. உங்க வீட்டுக்காரர்தான் தலையில குட்டிக் குட்டி உக்கார வெச்சாரு."

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊசியை வெளியே எடுத்த கை லேசாக ஆடியது. குனிந்து பார்த்தாள். எதுவும் சிந்தியதாகத் தெரியவில்லை.

வலப்பக்கம் எடுத்த இரண்டு படமும் சுத்தமாக இருந்தன. இடப்பக்கத்தின் முதல் படம் திரையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தபோது, வெளி ஓரமாக ஒரு புள்ளி மின்னியது. பட்டாணி அளவுதான். அண்ணி அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் டாக்டரை அழைத்தாள்.

இளம் டாக்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஊசி போடறப்ப ஏதாவது சிந்திச்சா?"

"கை ஆடிச்சு டாக்டர். சிந்தினது என் கண்ணுல படல."

"கவுனைக் கழட்டி கேமராவுல வெச்சுப் பாருங்க."

வாலுவுக்கு வேறு கவுனைக் கொடுத்துவிட்டு, பழையதைக் கேமராவில் விரித்தாள். இடது ஓரத்தில் ஒரு புள்ளி பளிச்சென்று எரிந்தது.

"பாத்தீங்களா? துணியில சிந்தின துளிதான் படத்துல விழுந்திருக்கு." டாக்டர் பெருமூச்சு விட்டார்.

அண்ணிக்கும் அப்படியே நம்பிவிட ஆசையாக இருந்தது. துளி என்று எழுதிவிட்டால் வாலு ஜெயித்துவிடுவாள், வீட்டுக்குப் போய்விடலாம். அப்புறம் இந்த வாசலை மிதிக்கவே மாட்டாள். புள்ளி கட்டியாக இருந்தால், எலுமிச்சை அளவுக்கு வளரும் வரை யாரும் பார்க்கப்போவதில்லை.

"டாக்டர், சிந்தினது என் தப்பு. ஆனா கவுன்ல துளி இருந்தா உள்ள ஒண்ணும் இல்லன்னு ஆயிடுமா? தோலைக் கழுவிட்டு, இடப்பக்கம் ரெண்டு படத்தையும் எடுத்துடறேன். மேலயும் பக்கவாட்டுலயும்."

டாக்டர் மறுபடி திரையைப் பார்த்தார். "எடுங்க."

வாலுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "மறுபடியுமா? மூணு மணிக்கு என்கிட்ட ஓட்டக் கத்துக்கற பொண்ணு ஒருத்திக்கு லைசென்ஸ் டெஸ்ட் இருக்கு அண்ணி. அழுதுடுவா. அதான் துளின்னு டாக்டரே சொல்லிட்டாங்களே!"

சோப்புப் போட்டுத் துடைத்துக்கொண்டே அண்ணி கேட்டாள். "வண்டியைத் திருப்பறதுக்கு முன்னாடி எத்தனை தடவை கண்ணாடி பாக்கச் சொல்லுவ?"

"ரெண்டு தடவை."

"ஒரு தடவை பாத்துட்டுத் திருப்பினா?"

"மண்டையில கொட்டுவேன்." சொல்லி முடித்ததும் வாலுவுக்கே புரிந்துவிட்டது. "சரியான ஆளு நீங்க. எடுத்துத் தொலைங்க."

இருபது நிமிடம் அவள் இம்மியும் அசையவில்லை. படங்கள் வந்தன. இரண்டிலும் புள்ளி அதே இடத்தில் இருந்தது. தோலில் அல்ல, இரண்டு விரல் ஆழத்தில்.

"எவ்வளவு பெருசு?" வாலுவின் குரல் இறங்கியிருந்தது.

"ஏழு மில்லிமீட்டர் இருக்கும். என்னன்னு சதையை எடுத்துப் பாத்தாதான் சொல்ல முடியும்."

வாலு சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். "நான் வர முடியாதும்மா. நீயே தனியா போய் ஓட்டு. கண்ணாடியை ரெண்டு தடவை பாரு. அழுதா பிச்சுப்புடுவேன்." போனை வைத்துவிட்டு எழுந்தாள். "சதையை எங்க எடுப்பாங்க, காட்டுங்க."

ஆறாம் நாள் முடிவு வந்தது. புற்றுநோய்தான். கையால் தடவிப் பார்த்தால் தெரியாத அளவு. இப்போதே எடுத்துவிடலாம், நல்ல நேரத்தில் பிடித்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். வாலு ஒரே ஒரு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணி, அன்னிக்குப் போட்ட டீல் கேன்சல். ஆபரேஷன் என்னிக்குன்னு கேளுங்க."

"கேட்டாச்சு. வியாழக்கிழமை."

"அன்னிக்கு மூணு பேருக்கு கிளாஸ் இருக்கே!"

"உங்க அண்ணன் எடுப்பாரு."

"அவரா? அவர் ரிவர்ஸ் எடுத்தா வாசல் கேட்டே போயிடும்! அடுத்த மாசத்துக்கு மாத்திடறேன்," என்றாள் வாலு, பையிலிருந்து டைரியை எடுத்து. "கிளாஸைத்தான் அண்ணி. ஆபரேஷனை இல்ல."