நடுக்கோடை வரைக்கும்

அம்மா பையைக் கட்டி வைத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தாள். மாரடைப்பு வந்து பிழைத்ததிலிருந்து மகள் வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் வாசம். "நடுக்கோடை தாண்டட்டும்மா, உன் வீட்டுக்கே போயிடலாம்" என்று மகள் வாக்குக் கொடுத்திருந்தாள். ஆண்டிலேயே நீளமான பகல் இன்று, இந்த வடதேசத்தில் இதுதான் நடுக்கோடை என்று காலையில் வானொலி சொல்லிவிட்டது. டாக்சி ஓட்டும் மகளின் தம்பியும் வண்டியோடு வந்து நின்றான்.

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இனி வரப்போகும், வெயில் கொளுத்தும் நாட்களைத்தான் அவள் நடுக்கோடை என்று சொல்லியிருந்தாள். அம்மாவின் வீடோ மொட்டைமாடிக்கு நேர் கீழே.

"இன்னிக்கு வெளிச்சத்துக்குத்தான் உச்சம்மா, சூட்டுக்கு இல்ல" என்றாள். பேக்கரியில் அடுப்பைப் பார்த்துக்கொள்பவள். சூட்டைப் பற்றிப் பேச்சை எடுத்தால் கைகள் தாமாக முன்னே வந்துவிடும். "எங்க செங்கல் அடுப்புல தீயை அணைச்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வெளிச்சுவர் சுடும். சூடு கல்லுக்குள்ள மெதுவா நடந்து வருது. பூமியும் அப்படித்தான். நாளையிலேர்ந்து பகல் குறையும். ஆனா பகல்ல வாங்குற சூடு, ராத்திரி விடுற சூட்டைவிட அதிகமா இருக்கிற வரைக்கும் மிச்சம் சேர்ந்துக்கிட்டேதான் போகும். உச்சிப்பொழுதைவிட அதுக்கப்புறம்தானே புழுங்குது?"

"ரொட்டி சுட்டுச் சுட்டு பூமியையே அடுப்பாக்கிட்டியா அக்கா?" என்றான் தம்பி.

அம்மா சிரித்தாள். பிறகு கேட்டாள். "அப்ப நான் எப்பதான் போறது?"

"கோடை முடியட்டும்மா."

"அதுவரைக்கும் நான் இருக்கணுமே."

மருத்துவர் மகளை வராந்தாவுக்குத் தனியாக அழைத்துச் சொன்னதும் இதைத்தான். தம்பியிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை.

"அவர் உன்னைத் தனியா கூப்பிட்டப்பவே புரிஞ்சிடுச்சுடி" என்றாள் அம்மா. "நீ சொல்ற கணக்கெல்லாம் சரிதான். ஆனா என் வீட்டுல, என் கட்டில்ல கிடக்கணும். வெந்தாலும் பரவாயில்ல."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். மகள் சுவரில் சாய்ந்தாள். அந்த வீட்டை மனதில் ஓட்டிப் பார்த்தாள். கூரை பகலெல்லாம் குடித்த சூட்டை மாலையில்தான் உள்ளே இறக்கும். அதற்குள் ஈரச்சாக்கு போட்டு நனைத்துவிட்டால் பாதிச் சூடு நீராவியோடு மேலேயே போய்விடும். பகலில் ஜன்னல்களை மூட வேண்டும், இருட்டியதும் திறக்க வேண்டும். கட்டிலைக் வெயில் விழும் அறையிலிருந்து எடுத்துக் காற்று வரும் மாடிப்படியோரக் கூடத்தில் போடலாம். எல்லாம் முடிகிற காரியம்தான். ஆனால் நாள் முழுக்க ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும்.

போனை எடுத்தாள். "முதலாளி, அடுப்புக்கு வேற ஆள் பாருங்க. கோடை முடியிற வரைக்கும் நான் வரமாட்டேன்." மறுமுனையில் ஏதோ சத்தம் கேட்டது. அவள் வைத்துவிட்டாள்.

"டேய், டிக்கியைத் திற" என்றாள் தம்பியிடம். "அம்மா பையை வை. என் பாயையும் எடுத்துட்டு வரேன்."