ஓதில் கெர்மரெக் ஆதரிக்க விரும்பினார்

1

இந்தக் கதை அரசிதழில் வந்த ஒரு வரியிலிருந்து கிளம்பியது. ‘தாம் ஆதரவாக வாக்களிக்க விரும்பியதாக உறுப்பினர் ஓதில் கெர்மரெக் தெரிவித்துள்ளார்.’ அவ்வளவுதான். பாரீஸில் எங்கள் நாடாளுமன்றத்தில் இப்படி ஒரு வசதி உண்டு. பொத்தானை மாற்றி அழுத்திவிட்ட உறுப்பினர் பிற்பாடு சொல்லி அனுப்பினால், அவருடைய விருப்பத்தை அச்சிட்டுவிடுவார்கள். வாக்கெடுப்பின் முடிவு மட்டும் மாறாது. அந்த வரியை அனுப்பியவன் நான். பதினோரு வருடமாக ஓதிலின் உதவியாளன், லான்வெக் தொகுதிவாசி, உப்பு வெண்ணெய் தின்றே உடம்பு வைத்தவன்.

மறுபடி தேர்தல் வந்தது. வாக்காளர்களுக்குத் தபாலில் போகும் நாலு பக்க அறிக்கையில் ‘வாழ்வும் நிலைப்பாடுகளும்’ என்ற பகுதியை எழுதுவது என் வேலை. எழுத உட்கார்ந்தால் அது கதையாகிக்கொண்டே போனது. நான் என்ன செய்ய?

2

முதல் தொடக்கம்: ‘பிறக்கும்போதே மருத்துவச்சியின் கைகளோடு பிறந்த ஓதில்…’

(அடித்துவிட்டேன். யாரும் அப்படிப் பிறப்பதில்லை.)

இரண்டாவது: ‘லான்வெக் பிரசவ வார்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் மருத்துவச்சி. பிறகு நகரசபை. பிறகு நாடாளுமன்றம், இரண்டு முறை.*’

எல்லாம் உண்மை, ஆனால் உப்புச்சப்பில்லை. வார்டு ஜன்னலில் விடியற்காலை மூடுபனி வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். ஓதிலோடு வேலை பார்த்த மாரிவோன், பிறந்த குழந்தையைத் தூக்கி முதலில் அந்த மூடுபனிக்குத்தான் காட்டுவாள். அப்புறந்தான் அம்மாவுக்கு. இதெல்லாம் எந்தப் பத்தியில் போகும்?

(கதையில் ஓதிலை ‘அவள்’ என்கிறேன். ஆபீஸில் அப்படிச் சொல்லிவிட்டு நான் வீடு போய்ச் சேர முடியாது.)

* நிலைப்பாடுகள்: மீன்பிடித் துறைமுகம், ஆதரவு. நெடுஞ்சாலைச் சுங்கம், எதிர்ப்பு. ஓநாய்ப் பாதுகாப்பு, வாக்களிக்கவில்லை, ரயிலில் இருந்தார்.

3

நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பாதி அவை ஊருக்கு ரயிலேறிவிட்டது. சிறிய பிரசவ வார்டுகளை மூடக்கூடாது என்று ஒரு திருத்தம் வரவிருந்தது. அதற்காகவே தன் ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள் ஓதில். ஆனால் அதற்கு முன்னால் முப்பது திருத்தங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்வரிசையில் கட்சிக்காரர் ஒருவர் கட்டைவிரலை மேலே காட்டுவார், இல்லையென்றால் கீழே காட்டுவார். பின்னால் இருப்பவர்கள் அதன்படி அழுத்துவார்கள்.

கண்ணாடிக் கூரையிலிருந்து வெளிச்சம் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஓதிலுக்குக் கண் சொக்கியது. தூக்கமில்லை அது. வார்டில் இருந்தாள். ஜன்னலெல்லாம் வெள்ளை. யாருக்கோ வலி ஏறியது, இறங்கியது. அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் கீழே போனதைக் கண் பார்த்தது. விரல் அழுத்திவிட்டது. அந்தத் திருத்தம்தான். பலகையில் எண்கள் வந்தன: ஆதரவு நாற்பத்தொன்று, எதிர்ப்பு நாற்பத்திரண்டு. தன் விரல் இந்தப் பக்கம் வந்திருந்தால் அப்படியே புரண்டிருக்கும் என்று கணக்குப் போட அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

(இங்கே நான் அவளைச் சந்தேகிக்கிறேன். வார்டுகளை மூடியாக வேண்டும் என்று நின்றது அவள் கட்சி. அடுத்த மாதம் ஒரு குழுவின் தலைமையை அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தது, தரவும் தந்தது. சம்பளம் வாங்குபவன் இப்படி எழுதலாமா? எழுதிவிட்டேன், இருக்கட்டும்.)

4

மாற்று முடிவு ஒன்று எழுதிப் பார்த்தேன். அதில் விரல் பக்கத்துப் பொத்தானுக்குப் போகிறது. வார்டு பிழைக்கிறது. மூடுபனி படியேறி வந்து நடைவழியில் நிற்கிறது. உள்ளே ஒரு பெண் குழந்தை அழுகிறது, மாரிவோன் அதைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போகிறாள், ஜன்னல் தானாகத் திற…

நிறுத்திவிட்டேன். ஜனவரியில் வார்டை மூடியாயிற்று. இப்போது லான்வெக்கில் வலி கண்டால் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் போக வேண்டும். அந்தச் சாலையில் என் கற்பனை ஒரு அடிகூட நகர மாட்டேனென்கிறது.

5

சனிக்கிழமை காலை தொகுதி ஆபீஸில் வைத்து ஓதில் சொன்னாள்: “பிரசவ வார்டுகள், ஆதரவுன்னு போட்டுடு. அரசிதழ்லயே இருக்குல்ல.”

இந்த ஒரு வரிக்காகத்தான் அறிக்கையே. அது இல்லாமல் அவள் இந்த ஊரில் வாக்குக் கேட்கவும் முடியாது, கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவும் முடியாது. நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே மாரிவோன் உள்ளே வந்தாள். வார்டை மூடியபின் இருவரும் பார்த்துக்கொள்வது அதுதான் முதல்முறை. கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். காபி வேண்டாமென்றாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், ஓதில். அப்புறம் போயிடறேன். அதை அழுத்தறப்ப நீ எங்கடி இருந்த?”

“வார்டுலதான். உன்கூட.”

“நான் அங்கதான் இருந்தேன். நீ வரலை.”

நான் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓதில், அந்த வரியை எடுத்துவிட்டு ‘எதிர்ப்பு’ என்று போடச் சொன்னாள். காரணம் கேட்பார்களே என்றேன். அவள் அச்சுப்படியை மேஜைமேல் மாரிவோன் பக்கம் நகர்த்தினாள்.

“நீ எழுதுடி. நான் எழுதினா எனக்குச் சாதகமாத்தான் வரும்.”

மாரிவோன் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். பிறகு பேனாவை வாங்கி ஒரு வரி எழுதினாள். ஓதில் படித்துவிட்டு அழுதாள். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

6

அந்த வரி அச்சாகி எழுபதாயிரம் வீடுகளுக்குப் போய்விட்டது. நாளை மறுநாள் வாக்குப்பதிவு. அதை உங்களுக்கு மட்டும் சொல்லப்போவதில்லை. கோபப்படாதீர்கள். இவ்வளவு நேரமும் ஓதிலின் பக்கமாகவே உங்களை உட்கார வைத்துக் கதை சொன்னேன், சம்பளம் தருபவள் அவளல்லவா. கொஞ்சம் எழுந்து மாரிவோனின் நாற்காலிக்கு வாருங்கள். முப்பது வருடம் வேலை பார்த்த இடத்தை இழந்தவர் நீங்கள். எதிரே சிநேகிதி உட்கார்ந்திருக்கிறாள், உங்கள் கையைத்தான் பார்க்கிறாள்.

பிரசவ வார்டுகள்: எதிர்ப்பு. காரணம்: